ரெண்டு வரி பாடுங்க மேடம்!

ஆடி வந்தால் பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரிதான். டி.வி.க்காரர்களுக்கும் அப்போதுதான் அவர் ஞாபகம் வரும். 'ரெண்டு வரி பாடுங்க மேடம்!' பாடுவார். கைதட்டல். விளம்பர இடைவேளை.

அட, கோரஸில் நின்று பாடியவரய்யா அவர்! 1961-ல் 'பாசமலர்' அவரை ஊரறியச் செய்தது. 2011-ல் 'ஒஸ்தி'யிலும் பாடினார். நடுவில் ஐம்பது வருஷம். கோரஸுக்கு என்ன சம்பளம்? அம்மன் கேசட் விற்ற காசில் கம்பெனிக்கு எவ்வளவு, குரலுக்கு எவ்வளவு? பி.காம். புத்தி, எனக்கு இதுதான் முதலில் தோன்றுகிறது. நான் பார்த்த பேட்டி எதிலும் தொகுப்பாளருக்குத் தோன்றவில்லை. குரலின் ரகசியம்தான் வேண்டுமாம்!

பேசாமல் சிறுவாச்சூர் மதுரகாளி கோயில் வாசலில் பூ விற்கும் அக்கா யாரையாவது மைக் பிடிக்கவிடுங்கள். அவர் கேட்பார், "இத்தனை பாட்டுக்கு எவ்வளவும்மா குடுத்தாங்க?"