தவளையைக் கோடையில் தேடினால் கிடைக்குமா?

சென்னையை அடுத்த படப்பை, ஒரகடம் வட்டாரத்தில் ஒரு தொழிற்கூடம் வருமுன் அந்த நிலத்தில் வாழும் உயிர்களைக் கோடையில் கணக்கெடுத்தால், கணக்கு தப்பாகத்தான் வரும். யுபரோடான் சிஸ்டோமா என்னும் சிறு தவளையே இதற்குச் சான்று. 1799இல் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய அறிஞர் பெயரிட்ட இந்தத் தவளை, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட சமவெளிக் காடுகளிலும் புதர் நிலங்களிலும் வாழ்கிறது. உருண்டை உடல், குறுகிய வாய், குட்டைக் கால்கள். பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளிப் பின்பக்கமாகவே புதைந்துகொண்டு, கறையானையும் எறும்பையும் தின்று, ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கிறது. நல்ல மழை பெய்த இரவுகளில்தான் கூட்டமாக மேலே வந்து, தேங்கிய நீரில் முட்டையிட்டுவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும். குட்டை வற்றுவதற்குள் தலைப்பிரட்டைகள் கால் முளைத்துக் கரையேறியாக வேண்டும்.

நம்முடைய விதிமுறையோ, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு வழக்கமாகக் கேட்பது மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவைத்தான். மழை காற்றிலுள்ள தூசியைக் கழுவிவிடும் என்பதால் காற்று மாசை வறண்ட நாளில் அளப்பது நியாயம். அதே நாட்களில் தவளையையும் தேடுவது எந்த வகையில் நியாயம்? இது அழிவின் விளிம்பில் உள்ள இனமில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதைக் கவலை குறைந்த பட்டியலில்தான் வைத்திருக்கிறது. அந்தத் தரம் இனத்தின் மொத்தப் பரப்புக்கும் சேர்த்துச் சொன்னது; ஒரு வட்டாரத்தில் அது அற்றுப்போவதை அந்தப் பட்டியல் காட்டாது. அது முட்டையிடும் மழைக்குட்டை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் பாசனத்துக்காக வெட்டிய ஏரிகளையே விலக்கி வைத்திருக்கும்போது, பெயரில்லாத ஒரு பள்ளத்துக்கு யார் காவல்?

வேலைவாய்ப்பு தரும் திட்டங்களைத் தவளைக்காகத் தாமதிக்கலாமா என்பது வலுவான கேள்வி. இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிவது தொழிற்சாலைச் சம்பளத்தில். ஆனால் நான் கேட்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான ஒரே ஒரு பருவம். நிலப் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலை நடக்கும்போதே, இரவில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துத் தவளைகளின் குரலைப் பதிந்துவிடலாம். தவளை கத்தும் பள்ளம்தான் வெள்ளநீர் தங்கும் பள்ளமும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வரதராஜபுரத்தையும் முடிச்சூரையும் மூழ்கடித்ததை இந்தப் பக்கத்து மக்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஐப்பசியில் நீர் எங்கெங்கே நிற்கிறது என்பது முன்பே தெரிந்தால், கட்டடத்தைச் சற்றுத் தள்ளி வைத்துப் பள்ளத்தை அப்படியே விட்டுவிட வரைபடத்திலேயே முடிவெடுக்கலாம். லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கிய பிறகு அதற்கு வழியில்லை.