100 லிட்டரில் மூன்று நாள்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் என் தங்கை மகளும் மாப்பிள்ளையும் பிப்ரவரியில் மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்தபோது, ஒரு கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பாம் ஸ்பிரிங்ஸ் போய் வந்தார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. படங்களைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதும் நம்மவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "பாலைவனத்துல பார்க்க என்ன இருக்கு?" "அந்தக் காசைச் சேர்த்து வச்சா ஊருக்கு வந்து அம்மாவைப் பார்த்திருக்கலாமே?"

என் கருத்து வேறு. காவிரிக் கடைமடையில் பிறந்தவர்கள் ஒருமுறையாவது பாலைவனத்தில் தங்கிப் பார்க்க வேண்டும்.

அந்த வேனின் தொட்டி 100 லிட்டர். இரண்டு இரவும் பக்கத்தில் உள்ள ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் தங்கினார்கள். அங்கே பெரும்பாலான முகாம்களில் குழாயே கிடையாது. இரண்டு பேர், மூன்று நாள். கணக்குப் போடுங்கள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 17 லிட்டர்கூட இல்லை. நம் ஊர் கணக்கில் ஒரு குடத்துக்குக் கொஞ்சம் கூட. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கே ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவினார்களாம். குளியலுக்குப் பதில் ஈரத்துணி. "பெரியவங்க குடத்துல அளந்து புழங்கினது இப்பத்தான் புரியுது" என்றாள். இந்தப் படிப்புக்கு அந்தச் செலவு தகும்.

பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு வருடத்துக்குப் பெய்யும் மழை சுமார் 12 சென்டிமீட்டர். 2022 நவம்பரில் நம் சீர்காழியில் ஒரே நாளில் பெய்தது 44 சென்டிமீட்டர். அவர்களுடைய மூன்று வருட மழைக்கும் மேல்! அத்தனையும் வயலை மூழ்கடித்துவிட்டுக் கடலுக்குப் போனது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளைத் திருத்தினேன். பச்சைப் பசேல் கோல்ஃப் மைதானத்தைப் படம் எடுத்து, "பாலைவனச் சோலை" என்று எழுதியிருந்தாள். அது சோலை இல்லை. ஊற்றுநீரில் பனைகள் தானே வளரும் உண்மையான சோலை, பக்கத்து மலையிடுக்கில், அகுவா காலியென்டே என்ற பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கிறது. மைதானம் வேறு கதை. அந்தப் பள்ளத்தாக்கில் 100-க்கும் மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள் உள்ளன. சிலவற்றில் மறுசுழற்சி நீரும் பாய்கிறது. ஆனால் பெருமளவு நம்பியிருப்பது நிலத்தடி நீரையும் கொலராடோ ஆற்றையும்தான். உறிஞ்சிய நிலத்தடி நீரை ஈடுகட்ட, அந்த ஆற்றுத் தண்ணீரை 1973 முதல் மணற்குளங்களில் விட்டு நிலத்துக்குள் இறக்குகிறார்கள்.

அந்த ஆற்றுக்கும் ஒரு கடைமடை உண்டு, மெக்சிகோ நாட்டில். மேலே பல நகரங்களும் வயல்களும் எடுத்தது போக, பெரும்பாலான வருடங்களில் ஆறு கடலைத் தொடுவதில்லை. 2014-இல் இரண்டு நாடுகளும் பேசி ஒருமுறை தண்ணீர் திறந்துவிட்டபோது, அங்குள்ள மக்கள் காய்ந்த ஆற்றுப்படுகைக்கே இறங்கி வந்து கொண்டாடினார்கள். மேலையூர் கதவணைக்குத் தண்ணீர் வரும்போது பூவும் விதைநெல்லும் தூவி வரவேற்கும் நமக்கு அந்தச் சந்தோஷத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தார்களா என்று பார்த்தே வளர்ந்த நாம், போர்வெல் மோட்டார் வந்ததும் அளவை மறந்துவிட்டோம். நம் கடலோரக் கிராமங்களில் நிலத்தடி நீர் உப்பாகிக்கொண்டிருக்கிறது.

ஆகவே பிள்ளைகளே, லீவு கிடைத்தால் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தாராளமாகப் போய் வாருங்கள். எங்கே போனாலும், இந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யாருடைய கடைமடை அதற்காகக் காய்கிறது என்று கேளுங்கள். ஊரில் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு குடம் என்று வைத்துப் புழங்கிப் பாருங்கள். எத்தனை மணி வரை தாக்குப்பிடித்தீர்கள் என்று கீழே உண்மையாக எழுத வேண்டும்!