ஜுரம் விட்ட பிறகு

கீழ்பென்னாத்தூரில் என்னோடு வேலை பார்க்கும் கணக்கு வாத்தியார் ஒருவர், ஐப்பசி மழையின்போது சிக்குன்குனியா ஜுரத்தில் பத்து நாள் படுத்து எழுந்தார். மூன்றாவது வாரம், கரும்பலகையில் தாம் போட்ட நேர்கோடு நடுவில் நெளிகிறது என்றார். "ஜுரத்தின் பலவீனம், ஸார்! நாலு நாள் பால் சாப்பிடுங்கள்" என்று நாங்கள் ஏகமனதாகத் தீர்ப்புக் கூறினோம். வைத்தியம் சொல்ல நம் ஊரில் யாருக்கும் பட்டம் வேண்டியதில்லை அல்லவா? அவர் கேட்கவில்லை, திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினார். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்த டாக்டர், விழித்திரையின் இரத்தக் குழாய்கள் சில அழற்சி கண்டு நீர் கசிந்திருப்பதாகச் சொன்னார்.

உடம்பின் உட்புறத்து இரத்தக் குழாய்களைக் கத்தி வைக்காமல் நேராகப் பார்க்கக்கூடிய ஜன்னல் நமது கண்மணிதான். 1851-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தமது கருவியைப் பற்றி எழுதி வெளியிட்ட பிறகே வைத்தியர்களுக்கு அந்த ஜன்னல் திறந்தது.

சிக்குன்குனியா என்றால், கிழக்காப்பிரிக்காவின் மகொண்டே பாஷையில், வளைந்து போவது என்று பொருள். மூட்டு வலியால் மனிதன் கூனிப்போவதைக் கண்டு வைத்த பெயர். 1964-ல் சென்னையிலும் வேலூரிலும் பரவிய இந்த நோய், நெடுங்காலம் மறைந்திருந்து, 2006-ல் இந்தியா முழுவதும் பதின்மூன்று லட்சம் பேருக்கு மேல் பீடித்ததாகக் கணக்கு. அச்சமயம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் பெங்களூர் நாராயண நேத்ராலயாவிலும் நம் டாக்டர்கள் நோயாளிகளின் கண்களைக் கவனமாகப் பரிசோதித்து, விழித்திரையும் பார்வை நரம்பும் பாதிக்கப்படுவதை உலகத்துக்கு எழுதினார்கள். பலருக்கு இந்தத் தொல்லை ஜுரம் விட்டுச் சில வாரம் கழித்தே வந்தது. கிருமி நேரே செய்யும் தீங்கு ஒரு புறம். அதை விரட்டப் புறப்பட்ட உடம்பின் சேனை, எதிரி போன பிறகும் ஆயுதத்தைக் கீழே வைக்காமல் சொந்த வீட்டையே இடிப்பது மற்றொரு புறம். பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். நரம்பு கெட்ட சிலருக்குப் பார்வை முழுவதும் திரும்புவதில்லை.

அதே கொசு கொண்டுவரும் டெங்குவில், இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் விழித்திரையில் இரத்தம் கசிவதுண்டு. கொரோனாவைப் பற்றியும் 2020-ல் பிரேஸில் டாக்டர்கள், சோதித்த பன்னிரண்டு பேரில் சிலருக்கு நுண்ணிய கசிவும் பஞ்சுப் பொட்டுகளும் கண்டதாக எழுதினார்கள். ஆனால் யாருக்கும் பார்வை குறையவில்லை. படங்களில் தெரிந்தவை சாதாரண இரத்தக் குழாய்களே என்று வேறு டாக்டர்கள் ஆட்சேபித்தார்கள். ஆகவே அதைக் கேட்டுப் பீதி கொள்ள வேண்டியதில்லை.

ஜுரம் கண்டவர்கள் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். ஒரு கண்ணை மூடி மற்றதால் காலண்டரைப் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். இரு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். கட்டங்கள் நெளிந்தாலோ, கரும்புள்ளி நின்றாலோ அன்றே கண் டாக்டரிடம் செல்லுங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாத்திரம் தொடாதீர்கள். சில கிருமிகளுக்கு அது தீனி.

நம் கணக்கு வாத்தியாருக்கு இரண்டு மாதத்தில் கோடு நேராயிற்று. வலக் கண்ணில் மட்டும், ஏழுக்கும் ஒன்றுக்கும் இன்னும் சற்றுத் தகராறு என்கிறார்.