ஒரு விண்ணப்பமாவது போடுங்கள்

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். அன்றைக்கு மரக்கன்று நடாத பள்ளி நம் ஊரில் அரிது. பேனர் கட்டுகிறோம், சிறப்பு விருந்தினரைத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறோம், படம் எடுக்கிறோம். அடுத்த ஜூனில் அந்தக் கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன? பெற்றோர் கேட்பதில்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரிகளும் பெரும்பாலும் கேட்பதில்லை. நல்ல விருதுக்கோ நிதியுதவிக்கோ உரிய விண்ணப்பப் படிவம் கேட்கும். நட்டது எத்தனை, பிழைத்தது எத்தனை, எப்படித் தெரியும் என்று கட்டம் போட்டுக் கேட்கும். சுற்றுச்சூழல் மன்றம் வைத்திருக்கும் ஒவ்வொரு பள்ளியும் கல்லூரியும் ஆண்டுக்கு ஒரு விண்ணப்பமாவது போட வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

பணமும் வேண்டும்தான், மறுக்கவில்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001-ல் தேசிய பசுமைப் படையைத் தொடங்கியது. அதில் சேர்ந்த பள்ளி மன்றத்துக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் கிடைத்தது. பிறகு அது 5,000 ஆனது. மண்வெட்டி, பூவாளி, கொஞ்சம் கன்று, நாலு மரக்கூண்டு வாங்கினால் அந்தத் தொகை தீர்ந்துவிடும். மழைநீர்த் தொட்டி கட்டவோ, சத்துணவுக் கூடத்துக் கழிவை உரமாக்கக் குழி எடுத்துச் சுவர் எழுப்பவோ அது காணாது. தமிழக அரசின் மஞ்சப்பை விருதைப் பாருங்கள். ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்கை வளாகத்தைவிட்டு ஒழித்த பள்ளி, கல்லூரி, வணிக வளாகம் ஆகியவற்றில் சிறந்தவற்றுக்கு 10 லட்சம், 5 லட்சம், 3 லட்சம் என மூன்று பரிசுகள். ஒரு பள்ளி மன்றத்துக்கு இது எவ்வளவு பெரிய தொகை! இப்படியொரு விருது இருப்பதே பல தலைமையாசிரியர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஆனால் நான் கண்ட பெரிய பலன் பணத்தில் இல்லை. ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. அவர்கள் போட்ட விருது விண்ணப்பத்தில் ‘வளாகத்தில் அதிகம் சேரும் கழிவு எது?’ என்றொரு கேள்வி. ‘கேரி பேக்’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். அதுவரை அந்த மன்றத்தின் சுவரொட்டிகள் எல்லாமே கேரி பேக்கை எதிர்த்துத்தான். எடை போட்டுப் பார்த்துவிடுவோம் என்று ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் சிலர் பிடிவாதமாகச் சொன்னார்கள். ஒரு வாரக் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டிப் பிரித்தார்கள். பழைய பேப்பர் கடையிலிருந்து தொங்கு தராசு இரவல் வந்தது. தீர்ந்துபோன பேனா ஒரு குவியல், பால் கவர் ஒரு குவியல், காகிதத் தட்டு ஒரு குவியல். எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுகளின் குவியல். அத்தனையும் பள்ளி வாசலுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையிலிருந்து வந்தவை.

மறுநாள் அந்தப் பிள்ளைகள் கடைக்கார அக்காவிடம் போனார்கள். “அக்கா, கடலை மிட்டாய், முறுக்கு, பொரி உருண்டை எல்லாம் பாட்டில்ல போட்டு வைங்க. நாங்க வாங்குறோம்” என்றார்கள். “நீங்க வாங்குறதா இருந்தா வைக்கிறேன் கண்ணு. எனக்கு வியாபாரம் ஓடணும், அவ்வளவுதான்” என்றார் அவர். அந்த ஆண்டு விருது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கண்ணாடி பாட்டில்கள் மட்டும் கடையின் முன்வரிசைக்கு வந்துவிட்டன. படிவத்தில் அந்த ஒரு வரிக் கேள்வி இல்லாமலிருந்தால் இன்னும் கேரி பேக்கை எதிர்த்துத்தான் கோஷம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நடத்தும் பசுமைப் பள்ளித் திட்டமும் இந்த வழியில் போவதுதான். காற்று, ஆற்றல், உணவு, நிலம், நீர், கழிவு என்ற ஆறு தலைப்புகளில் மாணவர்களே தங்கள் பள்ளியைத் தணிக்கை செய்து தகவல் அனுப்ப வேண்டும். எத்தனை குழாய் சொட்டுகிறது, மின் கட்டணம் எந்த மாதம் கூடுகிறது என்று பார்த்துக் குறிப்பெடுத்த பிள்ளைக்குச் சுற்றுச்சூழல் என்பது கட்டுரைத் தலைப்பாக மட்டும் இருக்காது.

நிதி கிடைத்துவிட்டால் அடுத்த படிப்பு தொடங்கும். மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்க வேண்டும், ரசீது சேர்க்க வேண்டும், கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பதினைந்து வயதில் பொதுப் பணத்துக்குக் கணக்கு எழுதிப் பழகியவர்கள் நாளைக்குக் கிராம சபையில் எழுந்து நின்று கணக்கு கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

இன்னொன்றும் உண்டு. நம் பள்ளிகளில் மன்றம் என்பது பெரும்பாலும் ஒரே ஓர் ஆசிரியரின் ஆர்வம். கலந்தாய்வில் அவருக்கு மாறுதல் வந்தால் மன்றமும் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். முறையாக எழுதிய விண்ணப்பமும் அதன் இணைப்புகளும் ஒரு கோப்பில் இருந்தால், எங்கே எது நடப்பட்டது, எது பட்டுப்போனது, ஏன் என்பதெல்லாம் அங்கே இருக்கும்.

விருது தரும் பெயரும் சும்மா இல்லை. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2020-ல் ஸ்வீடனின் குழந்தைகள் பருவநிலை விருது கிடைத்தது. மறு ஆண்டே எர்த்ஷாட் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்று, கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பதிவுக் கட்டணம் கட்டு, மேடைக்குக் கட்டணம் கட்டு, கேடயம் தருகிறோம் என்று சொல்லி வருபவர்கள் இப்போது அதிகம். பணம் கேட்கும் விருதின் பக்கம் போகவே வேண்டாம். படிவத்தை ஆசிரியரே இரவில் உட்கார்ந்து எழுதி, மறுநாள் பிள்ளைகளைப் படத்துக்கு மட்டும் நிறுத்துவதும் வேண்டாம். அப்படி வரும் பரிசால் மன்றத்துக்கு எந்தப் பயனும் இல்லை.

ஆசிரியர்களே, மஞ்சப்பை விருதுக்கான விண்ணப்பத்தை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும். அறிவிப்பு எப்போது வருகிறது என்று மாவட்ட இணையதளத்தைப் பார்த்து வையுங்கள். அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் கழிவை எடை போடும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். படிவத்தைப் பிள்ளைகள் கையால் எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி மட்டும் கொடுங்கள். அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்துப் பள்ளி அலுவலகத்தில் வையுங்கள்.