உறுமலும் ஓர் எச்சரிக்கையே



நமது இல்லத்தில் ஒரு நாய் உண்டு. கோம்பை இனத்தது, செந்நிற உடலும் கரிய முகமும் உடையது. மணி என்று பெயர். மனிதரைக் கண்டால் வாலைக் குழைக்கும். பிற நாயைக் கண்டாலோ பாயும். குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போது இதே குறையைப் பலர் நம்மிடம் சொல்லக் கேட்கிறோம். அவர்களுக்கு அறிவுரை கூறும் தகுதி நமக்கில்லை. நாம் செய்த தவற்றைக் கூறும் கடமை மட்டும் உண்டு.

தெருவில் அழைத்துச் செல்கையில் எதிரே நாயொன்று வரக் கண்டால் மணி முதலில் உடல் விறைத்து நிற்கும், பிறகு உறுமும். உறுமல் கேட்டவுடன் சங்கிலியைச் சுண்டி இழுத்து, கைத்தடியால் ஓர் அடி வைப்போம். சில மாதங்களில் உறுமல் நின்றது. நாயைத் திருத்திவிட்டோம் என்று மகிழ்ந்தோம்.

ஒரு மாலை, அடுத்த தெருச் சிறுமி ஒருத்தி தன் நாய்க்குட்டியோடு நமது வாயிலைக் கடந்தாள். கதவு திறந்திருந்தது. மணி உறுமவில்லை; குரைக்கவுமில்லை. ஓசையின்றிப் பாய்ந்து குட்டியின் பின்னங்காலைக் கவ்வியது. விலக்கக் கை நீட்டிய நமது சமையற்காரரின் விரலிலும் பல் பட்டது. குட்டி பிழைத்தது; கால் ஊனமாயிற்று. சிறுமியின் தாயார் நம்மிடம் சொன்னது ஒன்றே: "சாமி, உங்க நாய் கடிக்கும்னு தெரிஞ்சிருந்தா இவளை இந்தப் பக்கம் விட்டிருக்கவே மாட்டேனே."

அதைத் தெரியாமற் செய்தவர் நாமே என்று அவரிடம் சொல்ல அன்று நமக்கு அறிவு போதவில்லை.

நாம் நாடிச் சென்ற கால்நடை மருத்துவர் மணியின் செவி, பல், மூட்டு ஆகியவற்றை முதலில் சோதித்தார். உடலில் நோவு இருப்பின் சாதுவான நாயும் சீறும் என்றார். நோவு ஏதுமில்லை. பின்னர், "குட்டியா இருந்தப்ப வேற நாயோட பழக விட்டீங்களா, சாமி?" என்று வினவினார். இரண்டு மாதக் குட்டியாகக் காவலுக்கென வாங்கியது. ஆதலால் சுற்றுச்சுவருக்குள் கட்டியே வளர்த்தோம் என்றோம். அதுவே வேர் என்றார்.

நாய்க்குட்டி ஏறத்தாழ 3 வாரம் முதல் 12 வாரம் வரையில் எவற்றோடு பழகுகிறதோ, அவற்றைப் பின்னாளிலும் அச்சமின்றி ஏற்கும். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்னும் அறிஞர் இருவர் பல்லாண்டு ஆய்ந்து 1965-இல் வெளியிட்ட நூல் இப்பருவத்தின் சிறப்பை விளக்குகிறது. அப்பருவத்தின் பிற்பகுதியை மணி சுவருக்குள் கழித்தது. ஆகவே பிற நாயைக் கண்ட அச்சமே சீற்றமாக வெளிப்பட்டது. கழுத்தில் சங்கிலி இருப்பதால் விலகி ஓடவும் வழியில்லை. "அருகில் வராதே" என்று அது தன் மொழியில் கூறியதே உறுமல். அதனைத் தடியால் தண்டித்தோம். அச்சம் நீங்கவில்லை, அறிவிப்பு மட்டுமே நீங்கியது. அன்றியும், பிற நாய் தோன்றும்போதெல்லாம் தன் முதுகில் அடி விழுகிறது என்பதையும் அது கற்றுக்கொண்டது.

அடக்கி ஆள்பவனையே நாய் தலைவனாக ஏற்கும் என்ற எண்ணம் நமக்கு இருந்தது. ஓநாய்க் கூட்டத்தில் வலியது பிறவற்றை அடக்கித் தலைமை பெறும் என்ற கருத்து அவ்வெண்ணத்துக்கு வலுவூட்டியது. அக்கருத்தைத் தமது 1970-ஆம் ஆண்டு நூலால் பரவச் செய்தவருள் ஒருவரான டேவிட் மீச் என்னும் அமெரிக்க அறிஞரே 1999-இல் அதனைத் திருத்தி எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் சேர்ந்த குடும்பமே என்றார். தம் கருத்தைத் திருத்திக்கொள்ள அறிஞரே தயங்காதபோது நாம் தயங்கலாமா?

மருத்துவர் காட்டிய வழி எளிது, பொறுமைதான் வேண்டும். பிற நாயைக் கண்டும் நமது நாய் விறைக்காமல் நிற்கக்கூடிய தொலைவை முதலில் அறியவேண்டும். மணிக்கு அது 40 அடி. அத்தொலைவில் நின்று, எதிரில் நாய் தோன்றியதும் வேகவைத்த கோழியிறைச்சித் துணுக்குகளைத் தரவேண்டும்; நாய் மறைந்ததும் நிறுத்தவேண்டும். எதைத் தொடர்ந்து உணவு வருகிறதோ, அதனை நாய் நாளடைவில் விருப்போடு எதிர்நோக்கும். வாரங்கள் செல்லச் செல்லத் தொலைவைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். விறைப்போ உறுமலோ தோன்றினால் அடிக்காமல் பின்வாங்க வேண்டும். தெருவில் நேருக்கு நேர் செல்லாமல் வளைந்து விலகிச் செல்வது நன்று. நாய்கள் மிகுந்த இடத்திற்குச் செல்ல நேரின், கூடை போன்ற வாய்ப்பூட்டு அணிவிக்கலாம். நாய் நாக்கை நீட்டி இரைத்தே உடற்சூட்டைத் தணிப்பதால், வாயைத் துணியால் இறுகக் கட்டலாகாது.

நாய்கள் பொருதும்போது, நம் சமையற்காரரைப் போல் நடுவே கை நீட்டாதீர்கள். வாளி நீரை வீசுங்கள். அல்லது பலகையை இடையில் செலுத்துங்கள். பல் பட்டுவிட்டால் காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை செல்லுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் இதற்கு மருந்தல்ல. வெறிநோய் தோன்றியபின் உயிர் காப்பது ஏறக்குறைய இயலாது. காலத்தே போடும் தடுப்பூசி அதனைத் தடுக்கும். வளர்ப்பு நாய்க்கும் தவறாமல் தடுப்பூசி போடுங்கள்.

ஓராண்டாயிற்று. மணி பிற நாய்களோடு விளையாடுகிறது என்று பொய்யுரைக்க மாட்டோம். அதன் அச்சம் முற்றும் தீரவில்லை, தீராமலும் போகலாம். ஆயினும் உறுமல் திரும்பி வந்துவிட்டது. அதைக் கேட்டதும் இப்போது நாம் விலகிச் செல்கிறோம். சிறுமியின் இல்லத்திற்குச் சென்று, தவறு நாயுடையதன்று, நம்முடையதே என்று கூறினோம். தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "காப்பி குடிச்சிட்டுப் போங்க, சாமி" என்றார்.

மாலைதோறும் அச்சிறுமி நொண்டும் தன் நாயோடு தெருவின் மறுபுறமாகச் செல்கிறாள். மணி எழுந்து நின்று பார்க்கிறது. பிறகு திரும்பி நம் கையைப் பார்க்கிறது. கையில் துணுக்கு இருக்கவேண்டும் என்பதை மறவாதிருப்பதே நமது வேலை.

புதிதாகக் குட்டி கொணரும் குடும்பங்களுக்கு ஒரு சொல். மருத்துவரைக் கேட்டுத் தடுப்பூசிகளைத் தொடங்குங்கள். நோயற்ற, சாதுவான நாய்களோடு அதனை இளமையிலேயே பழக விடுங்கள். வளர்ந்த நாய் உறுமினால், தடியைத் தேடுமுன் அது எதைக் கண்டு அஞ்சுகிறது என்று தேடுங்கள்.