இல்லாத பட்டாடை

டென்மார்க் தேசத்துக் கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837-ம் வருஷத்தில் வெளியிட்ட அரசனின் புத்தாடைக் கதை, குழந்தைகளுக்கென எழுதப்பட்டதாயினும், அதிகாரத்தில் அமர்வோர் அனைவரும் ஒரு முறையேனும் படிக்கத் தக்கது. இரண்டு வஞ்சகர் அரசனிடம் வந்து, மூடருக்கும் பதவிக்குத் தகுதியற்றோருக்கும் கண்ணிற் படாத பட்டொன்றை நெய்வதாகச் சொல்லி வெறுந்தறியை ஆட்டினர். பார்வையிடச் சென்ற மந்திரி ஒரு நூலையும் காணவில்லை. ஆயினும் பதவி பறிபோகுமே என்றஞ்சி, பட்டின் அழகைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார். அரசனும் அவ்வாறே புகழ்ந்தான். இல்லாத ஆடையை அணிந்து ஊர்வலமும் போனான். கடைசியில் ஒரு குழந்தைதான், அரசன் உடம்பில் ஒன்றுமில்லையே என்று கூவிற்று.

அரசனின் டம்பத்தைக் கண்டு நகைப்பதோடு பலரும் இக்கதையை முடித்துவிடுகின்றனர். நமது அபிப்பிராயத்தில் குற்றத்தின் வேர் டம்பத்தில் இல்லை. கண்டதைக் கண்டபடி சொல்பவன் பதவிக்கு லாயக்கற்றவன் என்ற விதி எப்பொழுது அரண்மனைக்குள் நுழைந்ததோ, அப்பொழுதே அரசன் ஆடையை இழந்துவிட்டான். வஞ்சகர் நெய்தது பட்டையன்று, பயத்தை.

இக்கதைக்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பண்பொழித் திருமலைக் குமரன் குன்றுக்குத் தெற்கே அண்மையில் இருக்கும் செங்கோட்டை, முன்னர் திருவிதாங்கூரின் ஆட்சியில் இருந்து, 1956 நவம்பர் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. அச்சமஸ்தானத்தில் 1936 முதல் 1947 வரை திவானாக விளங்கியவர் சர் சி. பி. ராமஸ்வாமி ஐயர். அவருடைய மேதையை நாம் குறைத்துப் பேசவில்லை. 1936-ல் வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனமும், 1937-ல் தோன்றிய சர்வகலாசாலையும், பள்ளிவாசல் மின்சாரமும் அவர் காலத்துச் சாதனைகளே. ஆனால் எவ்வளவு பெரிய மேதையும் தன்னை மறுத்துப் பேச ஆளில்லாதபடி செய்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் அவரே உதாரணம்.

பொறுப்பாட்சி கோரிய ஸ்டேட் காங்கிரஸ்காரர் 1938-ல் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அதே வருஷம் 'மலையாள மனோரமா' பத்திரிகை மூடப்பட்டது. கூவக்கூடிய வாய்களை அடைத்தபின், 1946-ல் அமெரிக்க மாதிரி அரசியல் என்றொரு திட்டம் வெளிவந்தது. சட்டசபையால் அசைக்க முடியாத திவானை அது நிலைநிறுத்துவதாக ஜனங்கள் கண்டனர். அமெரிக்க மாதிரி அரபிக்கடலில் என்று அவர்கள் கோஷமிட்டனர். அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் துப்பாக்கி பதில் சொல்லிற்று. 1947 ஜூன் 11-ந் தேதி, ஆங்கிலேயர் அகன்றதும் திருவிதாங்கூர் தனிச் சுதந்தர நாடாகும் என்று திவான் அறிவித்தார். பாரதம் முழுவதும் ஒன்றாகும் வேளையில் இந்தத் தனிப்பட்டை யார் கண்ணும் காணவில்லை.

ஆண்டர்சன் கதையின் முடிவைப் பலர் மறந்துவிடுகின்றனர். குழந்தையின் சொல் செவியில் விழுந்த பிறகும் அரசன் திரும்பவில்லை. முன்னிலும் நிமிர்ந்து நடந்தான். இல்லாத தலைப்பைப் பரிவாரத்தார் தூக்கிச் சென்றனர். திருவிதாங்கூரிலும் அவ்வாறே ஆயிற்று. ஜூலை 25-ந் தேதி திருவனந்தபுரத்துச் சங்கீத விழாவில் திவான் வெட்டுண்டார். சில தினங்களில் மகாராஜா இந்திய யூனியனில் சேரச் சம்மதித்தார்; ஆகஸ்டில் திவான் பதவியை விட்டு நீங்கினார். கத்தியை நாம் ஒருநாளும் ஆதரியோம். ஆனால் சொல்லுக்கு வாசலை அடைத்த வீட்டில் கத்தி ஜன்னல் வழி நுழையும் என்பதை ஆளுவோர் உணர வேண்டும். சட்டசபையும் பத்திரிகையும் பத்து வருஷங்களில் சாதித்திருக்கக்கூடிய திருத்தத்தை ஓர் இரவின் ரத்தம் செய்ய நேர்ந்தது ராஜதந்திரத்தின் வெற்றியன்று.

திவான்கள் போய்விட்டனர், இப்பொழுது ஜனநாயகம்தானே என்று சிலர் கேட்கலாம். பண்பொழி போன்ற பேரூராட்சிகளின் கதையை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. அதன்பின் 2022 பிப்ரவரி 19-ந் தேதி வரை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தேர்தலே நடைபெறவில்லை. ஐந்து வருஷங்களுக்கு மேலாகத் தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தனர். பிறகு வேறு கட்சியின் ஆட்சியில், 2025 ஜனவரியில் பெரும்பாலான ஜில்லாக்களின் கிராம ஊராட்சிகளும் அதே நிலைக்குச் சென்றன. ஆட்சி மாறினும் இப்பழக்கம் மாறவில்லை.

தனி அலுவலர் நேர்மையாளராகவே இருக்கலாம். ஆயினும் அவருடைய உத்தியோகம் மேலிடத்தின் கையில் இருக்கிறது. ஊராரின் கையில் இல்லை. மலையடிவாரத் தோப்பில் யானை இறங்கித் தென்னையைச் சாய்த்தாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், எல்லாம் செவ்வனே நடக்கின்றது என்று மேலே எழுதுவது அவருக்குச் சௌகரியம். வார்டு மெம்பருக்கோ அது முடியாது. மறுநாள் காலை அவர் அதே தெருவில் நடந்தாக வேண்டும். தேர்தலைத் தள்ளிப்போடும் சர்க்கார் செலவை மிச்சப்படுத்தவில்லை; தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறது.

கிராமங்களில் வருஷத்திற்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டுமென்பது ஏற்பாடு. நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் 1-ந் தேதி பகுதி சபைகள் தொடங்கின. இவை நல்ல ஸ்தாபனங்கள். ஆனால் முன்கூட்டி எழுதிய தீர்மானத்தை வாசித்து, கையெழுத்து வாங்கி, தேநீருடன் கலைவதானால் இவையும் வெறுந்தறிகளே.

இங்கே கதையின் மற்றொரு பாத்திரத்தை நினைவூட்ட விரும்புகிறோம். குழந்தை கூவியதும் அதன் தகப்பன் அதன் வாயைப் பொத்தவில்லை. கள்ளமறியாத குழந்தை சொல்வதைக் கேளுங்கள் என்றான். அதன் பின்னரே அச்சொல் வாய்க்கு வாய் பரவிற்று. சபையில் ஒரு கூலிக்காரப் பெண்மணி கணக்குக் கேட்டால், உனக்கென்ன தெரியும் என்று அதட்டாமல், அவர் கேட்பது நியாயம் என்று எழுந்து நிற்கும் பெரியோர்கள் ஊருக்கு வேண்டும். வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தது, தலைவனைப் புகழ்வோரைக் கருதியன்று, இடித்துரைப்போரைக் கருதியே.

2022-ல் அமைந்த பேரூராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027-ன் தொடக்கத்தில் நிறைவுறுவது. காலம் முடியுமுன் புதிய தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் ஐயத்திற்கிடமின்றி விதித்திருக்கிறது. ஆளுங்கட்சி எதுவாயினும், நீதிமன்றத்தையும் வார்டு எல்லையையும் காரணம் காட்டாமல், அவ்விதியை அக்ஷரப்படி நிறைவேற்றுவது அதன் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது ஜனங்களின் கடமை. தலைவனுக்கு ஆடை தருவது நெசவாளி அல்லன். உண்மை சொல்ல அஞ்சாத குடிமகனே.