சிறைத் தீவில் குடியிருக்கும் ஸீல்

கிரேக்க நாட்டின் ஈஜியன் கடலில் யாரோஸ் என்றொரு மொட்டைப் பாறைத் தீவு இருக்கிறது. 1948க்கும் 1974க்கும் இடையே ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகளைக் கொண்டுபோய் வதைத்த இடம் அது. அதன் பிறகு 2000 வரை கப்பற்படையினர் அங்கே பீரங்கிப் பயிற்சி செய்தார்கள். மனிதனுக்கு நரகமாக இருந்த அந்தத் தீவில் இன்று 'துறவி ஸீல்' என்னும் கடற்பிராணி நிம்மதியாகக் குட்டி போட்டு வளர்க்கிறது.

காரணம் வேறொன்றுமில்லை. அங்கே மனிதன் போகவில்லை, அவ்வளவுதான்!

ஒரு காலத்தில் இந்த ஸீல்கள் மணற்கரையில் கூட்டங் கூட்டமாகப் படுத்துறங்கின. ஹோமரின் ஒடிஸியிலேயே அந்தக் காட்சி உண்டு. தோலுக்கும் எண்ணெய்க்கும் மனிதன் வேட்டையாடத் தொடங்கவே, அவை கடற்குகைகளுக்குள் ஓடி ஒளிந்தன. குகை பத்திரமான பிரசவ அறையா? இல்லவே இல்லை. இலையுதிர் காலத்தில்தான் குட்டிகள் அதிகம் பிறக்கின்றன; புயல் அலை உள்ளே புகுந்தால் பச்சைக் குட்டி அடித்துக்கொண்டு போய்விடும். யாரோஸ் தீவிலோ தாய் ஸீல் திறந்த கரைக்கே குட்டியோடு வருகிறது. பயம் தெளிந்துவிட்டது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

2019ல் அத்தீவைச் சுற்றியுள்ள கடலைப் பாதுகாப்புப் பகுதியாகக் கிரேக்க சர்க்கார் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் சட்டம் மட்டும் காவல் நிற்காது. அலோனிசோஸ் தீவுப் பக்கம் 1992 முதலே கடற் பூங்கா இருக்கிறது. அங்கே 'கோஸ்டிஸ்' என்று ஊரே செல்லமாக அழைத்த ஸீல், 2021ல் ஈட்டித் துப்பாக்கிக்கு இரையாயிற்று. வலையைக் கிழிக்கிறது என்று மீனவர்கள் குறைப்படுவது நியாயமே. கிழிந்த வலைக்கு ஈடு கொடுத்தால் அந்தக் கோபம் பாதி தணியும்.

ஆசையோடு வருகிறவர்களை என்ன செய்வது? மோட்டார் படகில் வந்து, குகை வாசலில் நீந்தி, படம் பிடிக்கிற உல்லாசப் பயணிகளுக்கு ஸீலிடம் பகை கிடையாது. ஆனால் மிரண்ட தாய் குட்டியை விட்டு ஓடினால், பகையாளி செய்வதைத்தான் அவர்களும் செய்கிறார்கள்.

2023ல் இந்த இனம் அபாயப் பட்டியலில் ஒரு படி கீழே இறங்கியது. உடனே, "இனிமேல் படகு விடலாமே" என்று வியாபாரிகள் கேட்கக் கூடும். உலகில் மிஞ்சியிருப்பவை சில நூறுகளே. குட்டி பிறக்கும் மாதங்களில் யாரோஸ் கரைக்கு ஒரு படகுகூடப் போகக்கூடாது. பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பாறையில் பொருத்திய காமிராப் படம் போதும்.